மேல்மாடிச் சுழியோடி

அவளுடைய பெயரை எழுத வேண்டாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். கடற்படையில் அவள் செய்யும் வேலைக்கு அது நல்லதில்லையாம். நோர்வேயில், ட்வெய்ட்டாவில் எங்கள் அடுக்குமாடி புளொக்கில் இருந்த தமிழ்ச் சனமும் அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது குறைவு. அவள் இல்லாத இடத்தில் எல்லோரும் சொன்னது ஒரே பெயர்தான்: ‘பாத்தனீங்களோ’.

எப்போதும் அவள் வாயில் இருந்த கேள்வி அது. “பாத்தனீங்களோ, நினைச்சனீங்களோ?”

“சோறு அவிஞ்சிட்டுது” என்று அவளுடைய தாயார் குசினியிலிருந்து குரல் கொடுப்பார். இவள் வரவேற்பறையில் இருந்தபடி அந்தக் கேள்வியைக் கேட்பாள். தாயார் அகப்பையோடு வெளியே வந்து முறைப்பார். ஒருநாள் காலை, “பஸ் போயிட்டுது” என்று நான் படிக்கட்டில் சலித்துக்கொண்டு நின்றபோது என்னிடமும் கேட்டாள். நான் எங்கே பார்த்தேன்? நேரத்தை வைத்து நினைத்ததுதான். இரண்டு பேரும் இறங்கிப் போனால், பஸ் பனிக்குள் பிந்தி அப்போதுதான் வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிறது.

எங்களுக்கு நேர் மேல்மாடியில் அவளுடைய தாயும் தகப்பனும் இருந்தார்கள். அவள் மேற்குக் கரையில் நோர்வேக் கடற்படைத் தளம் ஒன்றில் வேலை செய்தாள். மாதத்தில் ஒருமுறை லீவில் வருவாள். கட்டையான உருவம், அகன்ற தோள்கள், காதுக்கு மேலே ஒட்ட வெட்டிய முடி. விரல் மூட்டுகள் எப்போதும் வெடித்திருக்கும். தண்ணீருக்கடியில் வேலை செய்யும் சுழியோடிகளின் கை அப்படித்தான் இருக்கும் என்பாள். என் வீட்டுக்கு வந்தால் கேட்காமலே மாக்கோப்பையை இழுத்து ரொட்டிக்குக் குழைக்கத் தொடங்கிவிடுவாள். என்னை ‘அன்ரி’ என்றும் என் கணவரை ‘அங்கிள்’ என்றும் கூப்பிடுவாள்.

மகள் என்ன வேலை என்று யாராவது விசாரித்தால் அவளுடைய தாயார், “போட்டிலை வேலை” என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுவார். கடற்படை என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல அந்த மனிசிக்கு முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல் ஊரில் கரையை நோக்கிச் சுட்ட கடற்படையைத்தான் காட்டும். அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

நான் அப்போது தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவில் செயலாளர். சனிக்கிழமைகளில் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு நோர்வீஜியப் பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து வகுப்புகள் நடத்தினோம். எங்கள் பகுதியில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பிப் போதைப்பொருள் பொதிகளைக் காவிக்கொண்டு போகச் சொல்கிறார்கள் என்று எங்கள் உள்ளூராட்சி சபையான கொம்யூன் பெற்றோரை எச்சரித்திருந்தது. குழு கூடியது. யாரையாவது கூப்பிட்டுப் பேசவைக்க வேண்டும் என்று முடிவானது. எனக்கு மேல்மாடி ஞாபகம் வந்தது. துறைமுகங்களில் கப்பல்களுக்கு அடியில் போய்த் தேடுவதற்குப் பொலிஸ் சிலவேளை கடற்படைச் சுழியோடிகளை உதவிக்குக் கேட்கும் என்றும், தான் அப்படிப் போயிருப்பதாகவும் அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள்.

முதல் கூட்டத்துக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். குழுத் தலைவர் அவளைக் “கடல்சார்ந்த துறையிலை வேலை செய்யிற எங்கட பிள்ளை” என்று அறிமுகப்படுத்தினார். அவள் ஒலிவாங்கியை வாங்கியதும், “நான் கடற்படை. சுழியோடி” என்றாள். மண்டபம் ஒருமுறை அசைந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழும்பினார். “கடற்படை எண்ட சொல்லுக்குப் பயந்துதான் பிள்ளை நாங்கள் இஞ்சை ஓடி வந்தனாங்கள்.”

“ஓம் ஐயா. என்ர அப்பாவும் அப்பிடி ஓடி வந்தவர்தான். நான் சேந்து ஒரு மாசம் அவர் என்னோடை கதைக்கேல்லை.”

“பிறகு?”

“பிறகு தளத்துக்கு வந்து, நாங்கள் என்ன செய்யிறனாங்கள் எண்டு பாத்தவர். இப்ப கதைக்கிறார்.”

பெரியவர் கதிரையில் இருந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் தலைவர் எழும்பி, எல்லோர் மனதிலும் இருந்ததைச் சொன்னார். “தங்கச்சி, உங்கட அனுபவத்தைக் கேக்க சந்தோசம். ஆனால் ஒண்டு. எங்கட தமிழ்ப் பிள்ளையளிட்டை உந்தப் பழக்கம் இல்லை.”

அவள் குரலை உயர்த்தவில்லை. “பாத்தனீங்களோ அங்கிள், நினைச்சனீங்களோ?”

பின்னால் யாரோ இருமினார்கள். தலைவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினான்கு பேரில் ஐந்து பேர் தேநீருக்கு நிற்காமல் போனார்கள். கூட்டம் தோற்றுவிட்டது என்று நான் நினைத்தேன்.

அந்தக் கேள்வியால் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஒரு பிறந்தநாள் வீட்டில் வயதான ஒருவர், தன் தம்பி யுத்தத்தில் கடைசியாக எப்படிச் செத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவள் பழக்கதோசத்தில் கேட்டுவிட்டாள். அந்த மனிதர் பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். அவர் பார்க்கவில்லை. பார்க்கக் கிடைக்கவில்லை என்பதுதான் அவருடைய துக்கமே. அடுத்த நாள் அவள் தனியாக அவர் வீட்டுக்குப் போய் மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தாள். என்ன கதைத்தார்கள் என்று கேட்டேன். “ஒண்டும் கேக்கேல்லை அன்ரி. அவர் சொன்னவர், நான் கேட்டுக்கொண்டிருந்தனான்” என்றாள்.

ஆனால் அதே கேள்வி ஒரு பெண்ணைக் காப்பாற்றியது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கடைத்தொகுதியான ட்வெய்ட்டா சென்டர் வாசலில் எங்கள் ஆட்களின் பெட்டை ஒருத்தி, தொப்பி இழுத்துவிட்ட பெடியன்களோடு நின்று பையிலிருந்து ஏதோ எடுத்துக் கொடுக்கிறாள் என்று ஒரு கதை பரவியது. இரண்டு கிழமைக்குள் அவள் ‘தூள் விக்கிறவள்’ ஆகிவிட்டாள். சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த வீட்டார் பின்வாங்கினார்கள். என் குசினியில் அந்தக் கதை வந்தபோது சுழியோடி மாவைக் குழைத்துக்கொண்டிருந்தாள். கதை சொன்ன பெண்ணிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு நேரே சென்டர் வாசலுக்குப் போனாள். அந்தப் பெட்டை கொம்யூனின் இளைஞர் பணியாளர். தெருவில் நிற்கும் பிள்ளைகளோடு கதைத்து, உதவிக்கு ஆள் இருக்கிறது என்று சொல்வதுதான் அவளுக்கு வேலை. பையில் இருந்தது சொக்லேட்டும், தொலைபேசி இலக்கம் அச்சடித்த அட்டைகளும்.

இரண்டாவது கூட்டத்துக்கு அந்தப் பெட்டையையே மேடையில் ஏற்றினோம். ஏற்றச் சொன்னது யார் என்று சொல்லத் தேவையில்லை. அன்று நாற்பது பேர் வந்தார்கள். பலர் வெட்கத்தில் வந்தவர்கள். வெட்கத்தில் வந்தாலும் கேட்டார்கள். பொதி காவும் வேலைக்குப் பிள்ளைகளை எப்படி வளைக்கிறார்கள், பயந்துபோன பிள்ளை வீட்டில் சொல்லாமல் விடுவது ஏன், சொன்னால் முதல் வார்த்தை என்ன சொல்லவேண்டும் என்று அந்தப் பெட்டை ஒவ்வொன்றாக விளக்கினாள். தலைவர் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த மாசியில்தான் கப்பல் செய்தி வந்தது. மேற்குக் கரையில் ஒரு தொழிற்சாலைத் துறைமுகத்துக்கு மூலப்பொருள் ஏற்றிவந்த பெரிய கப்பல். அதன் அடிப்பகுதியில், தண்ணீருக்குக் கீழே, பெருந்தொகையான கொக்கெயின் கண்டுபிடிக்கப்பட்டது. பொலிசுக்கு உதவியாகக் கடற்படைச் சுழியோடிகள் இறங்கினார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். என் கணவரும் பள்ளிக்கூடம் போகிற என் மகளும் நானும் ஒன்றாக எழும்பி மேல்மாடியைப் பார்த்தோம். அங்கே யாரோ தரையில் குதிக்கும் சத்தம். அவளுடைய தகப்பன் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த லீவில் வந்தபோது, செய்தியில் வந்ததுக்கு மேலே ஒரு சொல்லும் சொல்லமாட்டேன் என்றாள். என் மகள் விடவில்லை. கப்பலுக்குக் கீழே உன் கை என்ன செய்தது என்று மட்டும் சொல்லு அக்கா என்றாள். அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்.

“கீழை ஒண்டும் தெரியாது. லைற் பிடிச்சாலும் கலங்கல்தான். கையாலை தடவித்தான் தேடவேணும். எஞ்சினைக் குளிராக்கக் கடல் தண்ணியை உள்ளுக்கு இழுக்கிறதுக்கு அடியிலை குழியள் இருக்கும். ஒவ்வொண்டுக்கு மேலையும் இரும்புக் கம்பித் தட்டி, போல்ட் போட்டு இறுக்கினது. கப்பல் ரெண்டு தரம் முழுக்கத் தேடியாச்சு. மேலை இருந்தவை, போதும், ஒண்டும் இல்லை, ஏறு எண்டுதான் நினைச்சவை. எனக்கு ஒரு தட்டி மட்டும் நான் தொட்டனானோ எண்டு வடிவா ஞாபகம் இல்லை. மற்றவன் தொட்டிருப்பான் எண்டு நினைச்சிட்டன். அப்ப திருப்பி இறக்கச் சொல்லிக் கேட்டன்.”

“விட்டவையோ?”

“பத்து நிமிசம் தந்தவை. மற்றத் தட்டியளிலை எல்லாப் போல்ட்டும் பாசியும் சிப்பியும் மூடிக் கரடுமுரடா இருந்தது. இந்தத் தட்டியின்ர நாலு போல்ட்டும் மட்டும் மழமழ எண்டு இருந்தது. ஆரோ கிட்டடியிலை கழட்டிப் பூட்டினது கையுறைக்குள்ளாலையும் தெரிஞ்சது. அவ்வளவுதான். நான் மேலை வந்து சொன்னன். பிறகெல்லாம் பொலிசின்ர வேலை. பிடிக்கிறது அவை, நான் தேடிக் குடுக்கிறது மட்டும்.”

என் மகள் அவளைக் கட்டிப்பிடித்தாள். நான் பெருமையோடு, “பிள்ளை, நானும் உன்ர சொல்லைக் கேட்டுத் தேடினனான். என்ர வீடு சுத்தம்” என்றேன். உண்மைதான். அதற்கு முந்திய கிழமை, மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், அவளுடைய அறையைக் கள்ளி மாதிரிக் கிளறியிருந்தேன். ஒன்றும் இல்லை. நான் அறையைக் கிளறினேன் என்று அந்த இடத்தில்தான் மகளுக்குத் தெரிந்தது. அவள் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனாள்.

சுழியோடி அவள் போன கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். “தங்கச்சியின்ர அறையை மட்டுமோ அன்ரி பாத்தனீங்கள்?”

அவள் எதையும் தெரிந்து கேட்கவில்லை, கேட்பது அவள் வழக்கம். ஆனால் நான் பார்க்காத ஆள் ஒருவர் வீட்டில் இருந்தார்.

என் கணவர் ஒரு பண்டகசாலையில் வேலை செய்பவர். இரண்டு வருடத்துக்கு முன் தோள்மூட்டில் அறுவை செய்தார்கள். அப்போது வலிக்குப் பலமான குளிசை கொடுத்தார்கள். பிறகு வைத்தியர் குறைத்து, நிறுத்தியும்விட்டார். அதற்குப் பிறகுதான் அவர் மாறினார். சாப்பிட்டதும் சோபாவில் கண் செருகும். மகளை நடன வகுப்பில் இருந்து கூட்டிவர இரண்டு தரம் மறந்தார். சிரிப்பு குறைந்து, சின்னச் சின்ன விசயத்துக்குக் கையை மேசையில் அடிப்பார். குளிர்காலம், வலி, வயது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். எல்லாம் நான் நினைத்தவை.

அடுத்த நாள் காலை அவர் வேலைக்குப் போனதும் நிலவறைக்கு இறங்கினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே பூட்டுப் போட்ட ஒரு சின்னச் சாமான் அறை. அவருடைய பனிச்சறுக்குச் சப்பாத்துக்குள் கையை விட்டேன். குளிசை அட்டைகள். வெறுமையானவை, நிறைந்தவை, எல்லாம் றப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருந்தன. பெட்டியும் இல்லை, மருந்துக்கடைச் சீட்டும் இல்லை.

கூட்ட அறிவித்தல்களை அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டியவள் நான்.

அட்டைகளை எடுத்துக்கொண்டு போய் மேல்மாடி மணியை அடித்தேன்.

பின்னேரம் அவர் வேலையால் வந்தபோது மேசையில் அந்தக் கட்டு இருந்தது. நானும் சுழியோடியும் இருந்தோம். அவர் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“நீர் என்னைக் குடுகாரன், தூள் அடிக்கிறவன் எண்டு நினைச்சீரோ?”

“இல்லை அங்கிள்” என்றாள் சுழியோடி, நான் வாய் திறக்க முதல். “தோள் நொந்த ஆளுக்கு மருந்து தந்தவை. இப்ப மருந்து உங்களை விடுதில்லை. அதுக்கு வைத்தியம் இருக்கு. ஒரு நாளைக்கு எத்தினை போடுறீங்கள்?”

“ரெண்டு. கூடினால் மூண்டு.”

அவள் வெறும் அட்டைகளை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அவற்றைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து, வெறும் குழிகளில் விரலை வைத்து வைத்து எண்ணினார். எத்தனை நாள் என்று தனக்குள் கணக்குப் பார்த்தார். “ஒன்பது” என்றார். “ஒன்பது வருது, பிள்ளை.” வேலைத்தலத்தில் ஒருவனிடம் வாங்கியதையும், வாங்காத நாளில் கை நடுங்கியதையும் அப்போதுதான் சொன்னார். இருபத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் என் முன்னால் அழுதது அன்றுதான்.

எல்லாவற்றையும் கழிப்பறையில் கொட்டிவிடப் போனேன். சுழியோடி என் கையைப் பிடித்தாள். “சட்டெண்டு நிப்பாட்டக் கூடாது அன்ரி. அது ஆபத்து. டொக்டர்தான் படிப்படியாக் குறைக்கவேணும். நாளைக்குக் காலமை போவம்.” தன் லீவை இரண்டு நாள் நீட்டிக்கொண்டு எங்களோடு வந்தாள். வைத்தியரின் அறைக்குள் அவள் வரவில்லை. வெளியே கதிரையில் இருந்தாள். உள்ளே அவருக்கு முதல் வசனம் வரவில்லை. நோர்வேக்கு வந்து கால் நூற்றாண்டு. பண்டகசாலையில் நோர்வீஜியத்தில் பகிடி விடுகிற மனிதன், அந்த ஒரு வசனத்துக்குத் திக்கினார். வைத்தியர் பொறுமையாகக் காத்திருந்தார்.

அது ஒரு வருடப் போராட்டம். ஒவ்வொரு படியாகக் குறைத்தார்கள். முதல் மாதம் வியர்த்து, நடுங்கி, எங்கள் எல்லோரையும் ஏசினார். ஆடியில் ஒருமுறை சறுக்கி மறுபடி கூடுதலாகப் போட்டார், தானே வந்து சொன்னார். குளிசையை விட முயல்பவர்களின் குழு உரையாடலுக்கு லில்லெஸ்ட்ரோமுக்கு ரயிலில் போய்வந்தார். சுழியோடி எங்கே இருந்தாலும் ஞாயிறு காலை அவருக்கு அழைப்பு எடுத்தாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் கதைக்கமாட்டாள். மார்கழியில் ஒருநாள் அவர் குசினியில் பழைய பகிடி ஒன்றைச் சொல்ல, மகள் வாயில் இருந்த பாலைத் துப்பிச் சிரித்தாள். அப்போதுதான் அவர் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. கடைசிக் குளிசை தையில் முடிந்தது.

பங்குனியில் மூன்றாவது கூட்டம் வைத்தோம். பேச்சாளர் யார் என்று தலைவர் கேட்டபோது, “நான் கதைக்கிறன்” என்றார் என் கணவர். “சனம் என்ன சொல்லும் எண்டு யோசிச்சனீங்களோ?” என்று கேட்டேன். “சொல்லட்டும்” என்றார்.

அன்று கதிரை போதவில்லை. ஜன்னல் ஓரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். சுழியோடி வடக்கே வேறு தளத்துக்கு மாறிப் போயிருந்தாள். வரமுடியாது என்றுதான் சொல்லியிருந்தாள். கூட்டம் தொடங்கிய பிறகு, நனைந்த ஜக்கெட்டோடு விமான நிலையத்தில் இருந்து நேரே வந்து கதவடியில் நின்றாள்.

அவர் ஒலிவாங்கியைத் தொடவில்லை. “எங்கட பிள்ளையளுக்கு வந்திடும் எண்டு பயந்துதான் எல்லாரும் இஞ்சை வந்தனீங்கள். வந்தது எனக்கு” என்று தொடங்கினார். தோளில் இருந்து சப்பாத்து வரைக்கும், ஒன்பது என்று எண்ணிய பின்னேரம் வரைக்கும், ஆடியில் சறுக்கியது வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை. முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

மூன்றாவது வரிசையில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு மனிதர் எழும்பினார். கையில் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றார். “அண்ணை, டொக்டரிட்டைப் போய் முதல் என்னெண்டு சொல்லுறது? நொர்ஸ்கிலை?”

என் கணவர் அவரை நன்றாகப் பார்த்தார். பிறகு திரும்பி, வகுப்பறைப் பலகையில் பெரிய எழுத்தில் நோர்வீஜியத்தில் இரண்டு வசனம் எழுதினார். “என்னால் நிறுத்த முடியவில்லை. எனக்கு உதவி வேண்டும்.” ‘நிறுத்த’ என்பதற்கான நோர்வீஜியச் சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டுப் போனது. முன்வரிசையில் இருந்து என் மகள் எழும்பிப் போனாள். தகப்பனின் கையில் இருந்து பேனையை வாங்கி, விடுபட்ட எழுத்தைச் சேர்த்தாள். திரும்பி வந்து கதிரையில் இருக்கவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

“ஹையா!”

கதவடியில் இருந்து, விளையாட்டு மைதானத்தில் நோர்வீஜியர் உற்சாகப்படுத்திக் கத்துவதுபோல் ஒரு குரல். குரலை உயர்த்தாத எங்கள் சுழியோடி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டு நின்றாள். மண்டபம் சிரித்தது, பிறகு முழு மண்டபமும் எழும்பிக் கைதட்டியது.

சத்தம் அடங்க முதலே சனம் கைத்தொலைபேசிகளை எடுத்துப் பலகையைப் படம் பிடிக்கத் தொடங்கியது. முதலில் தொப்பி மனிதர். அவருக்குப் பிறகு ஒரு தாய், இரண்டு இளம் பெண்கள், ஜன்னலடியில் நின்ற பெடியன் ஒருவன். நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: “எல்லாருக்கும் எழுத்துத் தெரியுதோ? இல்லாட்டி இன்னும் பெரிசா எழுதச் சொல்லட்டோ?”